மௌனத்தின் சான்று: செய்தி நெறிமுறை நிரலகங்களும் பிழை அறிவித்தலின் அறமும்

ஒரு செய்தி சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததா என்று தெரியாதபோது, சேர்ந்தது என்று சொல்வது பொய். சேரவில்லை என்று சொல்வதும் பொய்யே. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவது பொய்யா, அல்லது பொய்யிலிருந்து தப்பும் வழியா என்பது அறவியலிலும் அளவையியலிலும் நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவரும் கேள்வி. தூதரையும் சாட்சியையும் பற்றியதாக இருந்த அந்தக் கேள்வி இன்று கணினிகளுக்கிடையே செய்தி கடத்தும் நிரல்களுக்குள்ளும் வந்திருக்கிறது. அங்கு அதற்கு விடை சொல்லும் பொறுப்பு, பெரும்பாலும் தாம் ஓர் அறக்கேள்விக்கு விடை எழுதுகிறோம் என்ற எண்ணமே இல்லாத நிரலாளர்களிடம் இருக்கிறது.

பைத்தான் மொழியில் எழுதப்படும் செய்திப் பரிமாற்ற நிரலகம் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதில் மூன்று தரப்புகள் சந்திக்கின்றன. நெறிமுறை என்பது இரண்டு கணினிகள் எந்த ஒழுங்கில் எதைச் சொல்ல வேண்டும் என்று வகுக்கும் உடன்படிக்கை. நிரலகம் அல்லது லைப்ரரி என்பது அந்த உடன்படிக்கையைத் தானே கடைப்பிடித்து, அதன் நுணுக்கங்களைப் பிறர் கற்க வேண்டாதபடி செய்யும் இடைநிலை நிரல். மூன்றாம் தரப்பு, அந்த நிரலகத்தை நம்பித் தன் வேலையைச் செய்யும் பயன்பாட்டு நிரலும் அதை எழுதியவரும். வழக்கமான போக்கில் நடக்க முடியாத ஒன்று நிகழும்போது கீழ் அடுக்கு மேல் அடுக்குக்கு அதை அறிவிக்கும் முறையே எக்ஸெப்ஷன். அது எழுந்தவுடன் நிரலின் இயல்பான ஓட்டம் நின்று, அந்த நிலையை எதிர்கொள்ளத் தயாராக உள்ள இடத்தைத் தேடி அழைத்தவரிடம், பின்னர் அவரை அழைத்தவரிடம் என்று மேலேறிச் செல்கிறது.

இந்த முறைக்குப் பின்னால் உள்ள தத்துவத்தை ஜான் குட்இனஃப் 1975இல் வெளியிட்ட கட்டுரை தெளிவாக்கியது. ஒரு பிழையைக் கண்டுபிடிக்கும் இடத்துக்கு அந்தப் பிழையின் முழுப் பொருள் தெரியாது. அது வெளியே, அழைத்தவருக்கே தெரியும் என்பது அவர் வாதத்தின் சாரம். கோப்பு முடிந்துவிட்டது என்பது ஒருவருக்கு விபத்து, மற்றொருவருக்கு எதிர்பார்த்த முடிவு. நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்பரா லிஸ்கோவும் ஆலன் ஸ்னைடரும் சிஎல்யூ நிரல் மொழிக்காக எழுதியபோது இதனோடு இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தனர்: அறிவிப்பு நேரடியாக அழைத்தவருக்கே செல்ல வேண்டும், அதுவும் அவருக்குப் புரியும் அடுக்கின் மொழியிலேயே செல்ல வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எக்ஸெப்ஷன் ஒரு சாட்சியமாகத் தோன்றுகிறது. கண்டவர் ஒருவர், முடிவெடுக்க வேண்டியவர் வேறொருவர். கண்டவர் கண்டதைச் சொல்லாவிட்டால் முடிவெடுப்பவர் இருட்டில் நிற்கிறார், கண்டவரே முடிவெடுத்துவிட்டால் தமக்கு உரிமையில்லாத ஒன்றைச் செய்தவராகிறார்.

சாட்சி யார் என்ற கேள்வியை இந்தியத் தத்துவத்தின் நியாய மரபு மிகக் கவனமாக ஆராய்ந்தது. நம்பத் தகுந்தவரின் சொல்லே சப்தம் என்னும் அளவை, அதாவது அறிவு பெறும் வழி. அத்தகையவர் ஆப்தர் எனப்படுவார். நியாய சூத்திரத்துக்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்திருப்பதும், அறிந்ததை அறிந்தவாறே உரைக்கும் விருப்பம் உடைமையும் ஆப்தரின் இலக்கணம் என்றார். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சேர்த்துச் சொன்னார். நம்பகத்தன்மையைப் பிறப்பிலிருந்து பிரித்து அறிவிலும் நடத்தையிலும் வைத்த அந்த ஒரு குறிப்பு, இங்கு எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிகவும் பயன்படுவது. நிரலுக்கு விருப்பம் என்று ஒன்று இல்லை என்பது உண்மையே. ஆனால் எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்பது வடிவமைத்தவரின் விருப்பமாக நிரலுக்குள் பதிந்திருக்கிறது. ஆகவே ஒரு நிரலகத்தைப் பார்த்து, இது தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறதா, தெரிந்ததைத் தெரிந்தபடியே சொல்கிறதா என்று கேட்பது உவமை நயத்துக்காகக் கேட்கும் கேள்வி ஆகாது.

இந்தக் கேள்விக்கு எம்க்யூடிடி நெறிமுறையின் வரலாற்றைப் போல் கூர்மையான எடுத்துக்காட்டு அரிது. எண்ணெய்க் குழாய்த் தொடர்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக ஐபிஎம் நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்காம் நிறுவனத்தின் ஆர்லென் நிப்பரும் 1999இல் வகுத்த நெறிமுறை அது. இதில் செய்தி அனுப்புபவரும் பெறுபவரும் நேரடியாகப் பேசுவதில்லை. புரோக்கர் எனப்படும் இடைநிலைக் கணினி தலைப்பு வாரியாகச் செய்திகளை வாங்கி, அத்தலைப்புக்குப் பதிவு செய்தவர்களுக்கு வழங்குகிறது. செய்தியின் சேவைத் தரம் 1 என்றால், புரோக்கர் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை அனுப்ப வேண்டும். ஒப்புகை வரும்வரை அனுப்பியவர் அச்செய்தியைக் கைவிடக் கூடாது. ஓயாசிஸ் அமைப்பு 2014இல் தரநிலையாக ஏற்ற 3.1.1 பதிப்பில், அனுமதி இல்லாத ஒருவர் ஒரு தலைப்பில் செய்தி வெளியிட்டால் புரோக்கர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதிக்கப்பட்ட வழி திகைக்க வைப்பது. மறுப்பைத் தெரிவிக்க ஒப்புகையில் இடமே இல்லை என்பதை அந்தத் தரநிலை தானே ஒப்புக்கொண்டு, புரோக்கருக்கு இரண்டு வழிகளை மட்டும் தருகிறது: எல்லாம் நலமாக முடிந்ததுபோல் வழக்கமான ஒப்புகையை அனுப்பலாம், இல்லையேல் இணைப்பைத் துண்டிக்கலாம்.

முதல் வழி, பொய்ச்சான்று சொல்வதை விதியே அனுமதித்த நிலை. இரண்டாம் வழியில் பொய் இல்லை, ஆனால் பேச்சும் இல்லை. துண்டிக்கப்பட்டவருக்குத் தாம் மறுக்கப்பட்டோமா, கம்பி அறுந்ததா, புரோக்கர் நின்றுபோனதா என்று பிரித்தறிய வழி கிடையாது. இதன் விளைவை நிரலகத்தின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். இணைப்பு அறுந்தால் தானாகவே மீண்டும் இணைவதும், ஒப்புகை வராத செய்தியை மறுபடி அனுப்புவதும் நல்ல நிரலகத்தின் கடமைகள். மறுக்கப்பட்ட செய்தியை அது அப்படியே மீண்டும் அனுப்பும், புரோக்கர் மீண்டும் துண்டிக்கும், நிரலகம் மீண்டும் இணையும். இருவரும் தத்தம் கடமையை வழுவாமல் செய்ய, இந்தச் சுழற்சி முடிவின்றி நீள்கிறது. கடமை தவறாதவர்கள் இருவருக்கிடையே இத்தகைய வீண்பாடு விளைவதற்குக் காரணம் தீய எண்ணம் அன்று. மறுப்பைச் சொல்வதற்கு ஒரு சொல் இல்லாமையே காரணம்.

2019 மார்ச்சில் தரநிலையான ஐந்தாம் பதிப்பு அந்தச் சொல்லைத் தந்தது. ஒவ்வொரு ஒப்புகையும் ஒரு காரண எண்ணைச் சுமக்கலாம் என்றும், 128க்குக் கீழுள்ளவை வெற்றியையும் 128 முதல் மேலுள்ளவை தோல்வியையும் குறிக்கும் என்றும் அது வகுத்தது. அனுமதி இல்லை என்பதற்கு 135. எனினும் நெறிமுறை பேசக் கற்றுக்கொண்டதனாலேயே பயன்பாட்டு நிரலுக்கு அது கேட்டுவிடாது. பைத்தானில் பரவலாகப் பயன்படும் எக்லிப்ஸ் பாஹோ நிரலகத்தின் 1 வரிசைப் பதிப்புகளில், ஒப்புகை வந்ததும் நிரலகம் அழைக்கும் கால்பேக், அதாவது நிரலாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வைக்கும் செயல்பாடு, செய்தியின் அடையாள எண்ணை மட்டுமே பெற்றது. 2024இல் வெளிவந்த 2.0 பதிப்பின் புதிய கால்பேக் வடிவமே காரண எண்ணையும் அதன் கையில் கொடுத்தது. சாட்சி வாய் திறந்த பிறகும் இடையில் நின்றவர் அதைக் கடத்தாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நிரலகங்களைச் சீர்திருத்துவோர் முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே: கீழ் அடுக்கு சொன்னதில் எது மேல் அடுக்கை எட்டாமல் நின்றுவிடுகிறது?

மறுப்பு என்பது அதற்கான சொல் கிடைத்து மேல் அடுக்கை எட்டியவுடன் தீர்ந்துவிடும் சிக்கல். உண்மையில் கடினமானது மௌனம். அனுப்பியாயிற்று, குறித்த நேரமும் கடந்துவிட்டது, ஒப்புகை இல்லை. இதை நிரலாளர்கள் டைம்அவுட் என்பர். செய்தியே போய்ச் சேராதிருக்கலாம். செய்தி சேர்ந்து, ஒப்புகை வழியில் தொலைந்திருக்கலாம். இரண்டும் நலமாக இருந்து நேரம் மட்டும் பிடித்திருக்கலாம். இம்மூன்றும் அனுப்பியவரின் இடத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றும். தொலையக்கூடிய வழியில் எத்தனை ஒப்புகைகளைப் பரிமாறினாலும் இருவரும் ஒரே உறுதியை எட்ட முடியாது என்பது 1975இல் ஒரு கட்டுரையில் காட்டப்பட்டு, 1978இல் ஜிம் கிரே எழுதிய குறிப்புகள் வழியாக இரு தளபதிகளின் சிக்கல் என்று பெயர் பெற்றது. கால வரம்பே இல்லாத வலையமைப்பில், ஓர் உறுப்பு நின்றுபோகக்கூடும் என்றாலே உறுதியான உடன்பாட்டை எப்போதும் எட்டித் தீரும் வழிமுறை இருக்க முடியாது என்று ஃபிஷர், லிஞ்ச், பாட்டர்சன் மூவரும் 1985இல் நிறுவினர். அதன் உட்பொருள், இறந்தவரையும் தாமதிப்பவரையும் தொலைவிலிருந்து பிரித்தறிய முடியாது என்பதே. இந்த அறியாமை நிரலாளரின் திறமைக் குறைவால் வருவது ஆகாது. தொலைவிலுள்ள எதையும் செய்தியின் வழியாகவே அறிய வேண்டியவர் எவருக்கும் உரிய எல்லை அது.

காணாமையிலிருந்து எதை அறியலாம் என்ற இதே கேள்வியை மீமாம்சகர்கள் வேறொரு காரணத்துக்காக ஆராய்ந்தனர். ஏழாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் குமாரில பட்டர், ஒரு பொருளின் இன்மையை அறிவிக்கும் தனி அளவையாக அனுபலப்தியை, அதாவது காணப்படாமையை, ஏற்றார், மற்றொரு மீமாம்சகரான பிரபாகரர் மறுத்தார், நியாய மரபினரான நையாயிகர் இன்மையும் காட்சியாலேயே அறியப்படுகிறது என்றனர். தமிழ் மரபும் இதை அறியும்: மணிமேகலையின் சமயக்கணக்கர் பகுதியில் எண்ணப்படும் அளவைகளுள் அபாவமும், அதாவது இன்மையும், ஒன்று; பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் அதைக் குறிப்பிட்டு, எல்லா அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. இந்த வாதங்களுக்கிடையே மிக நுட்பமான கருத்து, காணாமை எல்லாம் சான்றாகிவிடாது என்பது. பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் கண்ணுக்குப் பட்டிருக்கும் என்னும் தகுதி இருந்தால்தான், படாதது அதன் இன்மைக்குச் சான்று. வெளிச்சமுள்ள தரையில் குடத்தைக் காணாதவர் குடம் இல்லை என்று சொல்லலாம். இருட்டறையில் காணாதவர் அப்படிச் சொல்ல முடியாது. இதை யோக்கிய அனுபலப்தி, தகுதியுடைய காணாமை, என்றனர்.

எம்க்யூடிடியின் கீப் அலைவ் ஏற்பாட்டை இந்தக் கருத்தின் துணையோடு படித்தால் அதன் தத்துவ அமைப்பு விளங்கும். இணையும்போதே வாடிக்கைக் கணினி ஒரு கால அளவைச் சொல்லி, அதற்குள் ஏதேனும் ஒன்றை அனுப்பியே தீருவேன், சொல்ல ஒன்றுமில்லை என்றால் வெற்றுப் பாக்கெட் ஒன்றையாவது அனுப்புவேன் என்று வாக்குக் கொடுக்கிறது. அந்த அளவின் ஒன்றரை மடங்கு நேரம் கடந்தும் எதுவும் வராவிட்டால் புரோக்கர் இணைப்பை முறிக்க வேண்டும். வாக்கு இல்லாத இடத்தில் மௌனத்துக்குப் பொருள் இல்லை. பேசுவதாக வாக்குக் கொடுத்தவரின் மௌனம் சான்றாகிறது. தகுதியில்லாத காணாமைக்கும் அதே நெறிமுறையில் எடுத்துக்காட்டு உண்டு. செய்தி ஏற்கப்பட்டது, ஆனால் அத்தலைப்புக்குப் பதிவு செய்தவர் எவரும் இல்லை என்பதைக் காரண எண் 16 தெரிவிக்கிறது. ஆனால் அதை அனுப்புவது புரோக்கரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. ஆகவே 16 வராததைக் கொண்டு யாரோ பெற்றுக்கொண்டார்கள் என்று முடிவுகட்டுபவர் இருட்டறையில் குடத்தைத் தேடியவரின் தவற்றையே செய்கிறார்.

இங்கிருந்து பார்த்தால், ஒரு செய்தி நெறிமுறை நிரலகத்தின் பிழை அறிவிப்பு குறைந்தது மூன்று வகைகளைப் பிரித்தாக வேண்டும் என்பது பெறப்படுகிறது: செய்தி புறப்படவே இல்லை; புறப்பட்டு மறுக்கப்பட்டது; புறப்பட்டது, ஆனால் முடிவு தெரியவில்லை. முதலாவதில் தயக்கமின்றி மீண்டும் முயலலாம். இரண்டாவதில் காரணம் நீங்கும்வரை மீண்டும் முயல்வது வீண். மூன்றாவதில் மீண்டும் முயல்வது நன்மையா தீமையா என்பது செய்தியின் உள்ளடக்கத்தைப் பொறுத்தது; குழாய் வால்வை மூடு என்ற கட்டளை இருமுறை சேர்ந்தால் கேடில்லை, இன்னும் பத்து விழுக்காடு திற என்ற கட்டளை இருமுறை சேர்ந்தால் கேடு. உள்ளடக்கத்தை அறிந்தவர் பயன்பாட்டை எழுதியவர் ஒருவரே. ஆகவே அந்த முடிவு அவருடையது, அந்த முடிவுக்கு வேண்டிய உண்மையைத் தருவது நிரலகத்தின் கடன். மூன்றாம் வகையை முதலாம் வகையோடு கலந்து இணைப்புப் பிழை என்ற ஒரே பெயரில் எழுப்பும் நிரலகம், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிறது.

பாஹோவின் நடத்தையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்பது குறை தேடுவதற்காக அன்று. பல்லாண்டுகளாக எண்ணற்ற கருவிகளை இயக்கிவரும் நிரலகம் என்பதாலேயே அது கவனத்துக்குரியது. தலைப்பு வெறுமையாக இருந்தாலோ சேவைத் தரம் 0, 1, 2 தவிர வேறாக இருந்தாலோ அது உடனே எக்ஸெப்ஷன் எழுப்புகிறது. இணைப்பே இல்லாதபோது வெளியிட முயன்றால் எழுப்புவதில்லை. திருப்பித் தரும் பொருளுக்குள் 4 என்ற எண்ணை வைத்துவிட்டு அமைதியாக இருக்கிறது. அழைத்தவர் அந்தப் பொருளைத் திறந்து பார்க்காவிட்டால் அவருக்கு எதுவும் தெரியாது. ஒப்புகைக்காகக் காத்திருக்கும் செயல்பாட்டுக்குக் கால வரம்பு கொடுத்தால், வரம்பு கடந்ததும் அது எந்த எக்ஸெப்ஷனும் இன்றித் திரும்பிவிடுகிறது. வெளியீடு முடிந்ததா என்று வேறொரு செயல்பாட்டைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். இவை ஆவணத்தில் சொல்லப்பட்டவை, ஆகவே வஞ்சகம் இல்லை. ஆனால் காத்திருந்து திரும்பியவர் வெற்றியோடு திரும்பினார் என்றே படிப்பவரின் மனம் இயல்பாகக் கொள்ளும். அந்த இயல்பான புரிதல் பொய்யாகும்படி அமைந்த இடைமுகம், ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தும் தவறான அறிவை விளைவிக்கிறது. ஆப்தரின் இரண்டாம் இலக்கணம், அறிந்ததை அறிந்தவாறே உரைத்தல், இங்கே நிறைவேறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பாஹோவின் மேல் கட்டப்பட்ட ஏயோஎம்க்யூடிடி நிரலகம் இத்தகைய எண்களை எக்ஸெப்ஷன்களாக மாற்றித் தருவது சரியான திசையில் வைத்த அடி.

இன்னொரு சிக்கல் இழைகளைச் சார்ந்தது. பாஹோ வலையமைப்பு வேலையைப் பின்னணியில் த்ரெட் எனப்படும் தனி இழையில் நடத்த இடம் தருகிறது. செய்தி வந்ததும் அழைக்கப்படும் கால்பேக்கில் எக்ஸெப்ஷன் எழுந்து, அதை அடக்கும்படி அமைப்பு மாற்றப்படாமலும் இருந்தால், அந்த இழை மட்டும் நின்றுவிடும். முதன்மை நிரல் ஒன்றும் நடவாததுபோல் தொடரும். கீப் அலைவ் பாக்கெட்டுகளை அனுப்ப ஆளில்லாமல், தொலைவிலுள்ள புரோக்கர் அந்த மரணத்தை அறிந்துகொள்ளக்கூடும், ஒரே வீட்டுக்குள் இருக்கும் முதன்மை நிரலோ அறியாமலே இருக்கும். எக்ஸெப்ஷன் எழுந்தது உண்மை. கேட்கும் இடத்தில் எவரும் இல்லை. சொல்லும் கடமை, கேட்கக்கூடியவரிடம் சொல்வதில்தான் நிறைவடைகிறது என்பதால், பின்னணி இழையில் எழுந்ததைப் பிடித்துவைத்து, முதன்மை நிரல் அடுத்த முறை நிரலகத்தைத் தொடும்போது அதன் முன் வைப்பது சீர்திருத்தத்தின் இன்றியமையாத பகுதி.

எல்லாவற்றையும் இப்படி உரக்கச் சொன்னால் எந்த அமைப்பும் ஒரு நாள்கூட ஓடாது என்ற மறுப்பு வலுவானது. அதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. வலையமைப்பு நொடிக்கொருமுறை தடுமாறுவது. ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் நிரலை நிறுத்துவது கருவியைப் பயனற்றதாக்கும். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று திருக்குறளே சொல்லும்போது, பயனரின் அமைதிக்காகச் சில பிழைகளை விழுங்குவது ஏன் தவறு? விடை அந்தக் குறளின் நிபந்தனையிலேயே இருக்கிறது. விளையும் நன்மையில் குற்றம் கலவாதிருக்க வேண்டும். அறுந்த இணைப்பை நிரலகம் தானே சீர்செய்து, தங்கியிருந்த செய்திகளை இழப்பின்றிச் சேர்த்துவிட்டால், மேல் அடுக்கு எடுக்க வேண்டிய முடிவு எதுவும் மாறவில்லை. அங்கே மௌனம் தகும். செய்தி ஒன்று தொலைந்திருந்தால், அல்லது தொலைந்திருக்கக்கூடும் என்றால், அதை மறைத்து விளையும் அமைதி பிறருடைய இழப்பின் மேல் நிற்பது. பிழையின் அளவு பெரியதா சிறியதா என்பது இதில் எல்லைக்கோடு ஆகாது. அறிந்திருந்தால் அழைத்தவர் வேறு முடிவு எடுத்திருப்பாரா என்பதே எல்லைக்கோடு.

பைத்தான் மரபும் இதையே வேறு சொற்களில் ஏற்றுக்கொண்டது. டிம் பீட்டர்ஸ் 1999இல் எழுதி, பின்னர் 20ஆம் எண்ணுள்ள மேம்பாட்டு முன்மொழிவாகப் பதிவான கோட்பாடுகளில், பிழைகள் ஓசையின்றிக் கடந்துபோகக் கூடாது என்பதும், வெளிப்படையாக அடக்கப்பட்டாலன்றி என்ற விலக்கும் அடுத்தடுத்து வருகின்றன. 3.4 பதிப்பில் சேர்ந்த அடக்கும் கருவிகூட எந்த வகைப் பிழையை அடக்க வேண்டும் என்று பெயர் சொல்லும்படி கேட்கிறது. பெயர் சொல்லி அடக்குபவர் தம் முடிவுக்குப் பொறுப்பேற்கிறார். எல்லாப் பிழைகளையும் ஒரே வலையில் பிடித்து ஒன்றும் செய்யாமல் விடும் வெற்று எக்ஸெப்ட் வரி எதற்கும் பொறுப்பேற்பதில்லை, நிரலை நிறுத்தும்படி மனிதர் விசைப்பலகையில் இட்ட கட்டளையைக்கூட அது விழுங்கிவிடும்.

காரணத் தொடரைக் காக்கும் வசதியும் மொழியிலேயே உள்ளது. கா-பிங் யீ 2005இல் முன்மொழிந்து பைத்தான் 3இல் இடம்பெற்ற சங்கிலி முறை, கீழ் அடுக்கின் சாக்கெட், அதாவது வலையமைப்பு இணைப்பு முனை, எழுப்பிய பிழையை நிரலகத்தின் மொழிக்கு மாற்றி எழுப்பும்போதே மூலப் பிழையையும் அதனோடு இணைத்து அனுப்ப இடம் தருகிறது. லிஸ்கோவும் ஸ்னைடரும் கேட்டபடி அழைத்தவருக்குப் புரியும் மொழியில் பேசவும் வேண்டும், கண்டதை அழிக்காமல் காட்டவும் வேண்டும் என்ற இரு கடமைகளும் ஒரே வரியில் நிறைவேறுகின்றன. ஒரே வேளையில் பல செய்திகள் வெவ்வேறு காரணங்களால் தோற்கும்போது ஒன்றை மட்டும் சொல்லி மற்றவற்றைக் கைவிட வேண்டாதபடி, 2022இல் வந்த 3.11 பதிப்பு எக்ஸெப்ஷன் தொகுதிகளையும் தந்திருக்கிறது. உண்மையைச் சொல்வதற்கான கருவிகள் குறைவாக இருக்கின்றன என்று பைத்தான் நிரலாளர் எவரும் இன்று சொல்ல முடியாது.

எஞ்சியிருப்பது நிரலகம் எழுதுவோரின் தீர்மானம். செய்தி கடத்தும் நிரலகம் ஒன்றைப் பராமரிப்பவர், அதன் பிழை வகைகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, முடிவு தெரியவில்லை என்பதற்கு அதில் தனிப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால், வேறு எந்த வசதியையும் சேர்ப்பதற்கு முன் அதைச் சேர்க்கட்டும்.